வண்டி சொல்லும் முகவரி: வாசகர் கேள்வி–பதில்

வண்டியும் வண்டியும் வானலையில் பேசிக்கொள்ளும் தொழில்நுட்பம் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். ‘விபத்து குறையுமா?’ என்று கேட்டவர்களைவிட, ‘நான் போகிற இடமெல்லாம் ஊருக்கே தெரிந்துவிடாதா?’ என்று கேட்டவர்கள்தான் அதிகம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கார் தன் இடத்தையும் வேகத்தையும் பக்கத்து வண்டிகளுக்குத் தானாகவே சொல்லும் என்று எழுதியிருந்தீர்கள். என் பெயரும் வண்டி நம்பரும் சேர்ந்தே போகுமா?
— பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

இரண்டும் போகாது. ஆனால் அதோடு கவலை தீரவில்லை.

வண்டி அனுப்பும் அடிப்படைப் பாதுகாப்புச் செய்தியில் என்னென்ன இருக்கும் என்பதை அமெரிக்காவின் எஸ்ஏஇ ஜே2735 தரம் வரையறுக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், வேகம், போகும் திசை, முடுக்கம், பிரேக் நிலை, வண்டியின் நீள அகலம். இவற்றோடு 4 பைட்டில் ஒரு தற்காலிக அடையாள எண்ணும், 0 முதல் 127 வரை சுற்றிவரும் செய்தி எண்ணும் உண்டு. இந்தச் செய்தி வினாடிக்கு 10 முறை கிளம்புகிறது. ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்யும் செய்தி, வண்டியின் அசைவைப் பொறுத்து வினாடிக்கு 1 முதல் 10 முறை போகும். சாதாரணமாக 300 மீட்டர் தூரம் எட்டும். வெட்டவெளியில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகலாம்.

செய்தியைப் பூட்டி அனுப்புவதில்லை. எதிரே வரும் முன்பின் தெரியாத லாரிக்கு அந்தக் கணமே புரிய வேண்டும். பூட்டினால் சாவியை யாரிடம் கொடுப்பது? அதனால் யாரும் படிக்கலாம், யாரும் பொய்யாக எழுத முடியாது என்ற ஏற்பாடுதான். ஐஇஇஇ 1609.2 தரம் வரையறுத்த டிஜிட்டல் கையொப்பம் ஒவ்வொரு செய்தியிலும் போவது இதற்காகவே.

சிக்கல் முகவரியில் இருக்கிறது. இந்த வண்டிகள் பேசப் பயன்படும் 802.11பி (ஆங்கில p, பழைய 802.11b அல்ல) என்பது 5.9 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒருவகை வைஃபை, 2010-ல் வெளிவந்தது. எந்த வைஃபையிலும் இருப்பதுபோல இதிலும் ஒவ்வொரு சட்டகத்தின் (வானலையில் போகும் தகவல் பொட்டலத்தின்) தலைப்பிலும், அனுப்பும் ரேடியோவை அடையாளம் காட்டும் 48 பிட் மேக் முகவரி உண்டு. அது மாறாமல் இருந்தால் பெயரே தேவையில்லை. காலையில் உண்ணாமலைக்கடையில் ஒரு வீட்டின் முன் தோன்றி, அரைமணி கழித்துப் பள்ளி வாசலில் நிற்கும் முகவரி யாருடையது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் கவனித்தால் போதும்.

‘நம்பர் பலகைதான் எல்லோர் கண்ணிலும் படுகிறதே’ என்பார்கள். பலகையைப் படிக்கக் கேமரா வேண்டும், வெளிச்சம் வேண்டும், மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். ரேடியோவைக் கேட்க உள்ளங்கை அளவுப் பெட்டி போதும். சுவருக்குப் பின்னாலிருந்து, இரவிலும் மழையிலும், கடந்துபோகும் எல்லா வண்டியையும் அது எழுதிக்கொள்ளும். இரண்டையும் சமமாகப் பேசுவது சரியல்ல.

ஐரோப்பாவில் விற்கும் எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் இந்த ரேடியோ ஏற்கெனவே உண்டு. நம் சாலைகளில் இன்னும் பரவவில்லை. கேள்விகளைக் கேட்க வேண்டிய நேரம் அதனால்தான் இது.

இறுதியாண்டு புராஜெக்டுக்காக இரண்டு லினக்ஸ் போர்டில் 802.11பி மாதிரி ஒரு அமைப்பு செய்கிறோம். செல்போனில் இருப்பதுபோல மேக் முகவரியை 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் யாரும் தடம் பிடிக்க முடியாது என்று காட்டலாமா?
— பொறியியல் மாணவர்கள், நாகர்கோவில்

அப்படிக் காட்டினால் தேர்வாளர் ஒரே கேள்வியில் உங்களை மடக்கிவிடுவார்: ‘மேக் மாறியது, மற்றதெல்லாம்?’

ஒரு வண்டியின் சட்டகத்தில் அடையாளம் பல அடுக்கில் ஒளிந்திருக்கிறது. அடியிலிருந்து பாருங்கள். மேக் முகவரி. அதன் பக்கத்திலேயே 0 முதல் 4095 வரை ஓடும் சட்டக வரிசை எண். அதற்கு மேலே ஐபிவி6 என்ற இணைய முகவரி. ஐரோப்பிய முறையானால், இருப்பிடத்தை வைத்துச் செய்தி அனுப்பும் ஜியோநெட்வொர்க்கிங் முகவரி. 64 பிட் நீளமுள்ள அதன் கடைசி 48 பிட், மேக் முகவரிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதற்கும் மேலே தற்காலிக அடையாள எண், செய்தி எண், கையொப்பச் சான்றிதழ். அமெரிக்க முறையில் சான்றிதழ் முழுதாக ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒருமுறைதான் போகும்; நடுவில் போகும் செய்திகளில் அதன் 8 பைட் சுருக்கம் இருக்கும். இத்தனையில் ஒன்று மாறாமல் நின்றாலும், பழைய பெயரையும் புதிய பெயரையும் அது முடிச்சுப் போட்டுவிடும். மேக் மாறிய பிறகு வரிசை எண் 2310-க்கு அடுத்து 2311 என்று வந்தால் முகவரி மாற்றியதே வீண்.

ஆகவே எல்லாம் ஒரே நொடியில் மாற வேண்டும். உங்கள் நிரலை இந்த வரிசையில் எழுதுங்கள். முதலில் செய்தி உருவாக்குவதை நிறுத்துங்கள். அனுப்பக் காத்திருக்கும் வரிசையைக் காலி செய்யுங்கள். பிறகு மேக், ஐபிவி6, தற்காலிக எண், சான்றிதழ் எல்லாவற்றையும் மாற்றி, செய்தி எண்ணையும் சட்டக வரிசை எண்ணையும் புதிய தற்செயல் எண்ணிலிருந்து தொடங்குங்கள். அதன் பிறகே மறுபடி அனுப்புங்கள். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இரண்டாவது படியை. வரிசையில் தங்கிப்போன ஒரே ஒரு சட்டகம் பழைய மேக்கையும் புதிய தற்காலிக எண்ணையும் சேர்த்துச் சுமந்து வெளியே போனால், இரண்டு அடையாளமும் ஒருவருடையதுதான் என்பதற்கு அதுவே எழுத்துப்பூர்வச் சாட்சி.

தற்செயல் மேக் உருவாக்கும்போது முதல் பைட்டைக் கவனியுங்கள். அதன் கடைசி பிட் 0 ஆக இருக்க வேண்டும். 1 ஆனால் அது குழு முகவரி, அனுப்புநர் இடத்தில் அது வரவே கூடாது. அதற்கு முந்தைய பிட் 1 ஆக இருக்க வேண்டும், உள்ளூர் முகவரி என்பதற்கு அடையாளம். சரியாகச் செய்திருந்தால் முகவரியின் இரண்டாவது பதினாறடிமான இலக்கம் 2, 6, ஏ, இ இந்த நான்கில் ஒன்றாகத்தான் வரும். மிச்சமுள்ள 46 பிட்டும் தற்செயலாக இருக்கட்டும். தயாரிப்பாளர் எண்ணை முன்பாதியில் அப்படியே விட்டுப் பின்பாதி 24 பிட்டை மட்டும் மாற்றுவது கூடாது. வண்டியின் கம்பெனி அதிலேயே தெரிந்துபோகும்.

ஐபிவி6-ல் இன்னொரு பள்ளம். மேக்கின் நடுவில் எஃப்எஃப்எஃப்இ செருகி முகவரி செய்யும் பழைய வழியில், மேக் அப்படியே வெளியே தெரியும். 802.11-ன் இந்த வகைக்கு ஐபிவி6-ஐப் பொருத்திய ஆர்எஃப்சி 8691 (2019) இந்தத் தனியுரிமை ஆபத்தைப் பேசுகிறது. தற்காலிக முகவரி முறையைப் போட்டாலும், லினக்ஸ் புதியதை எடுத்துக்கொண்டே பழையதையும் சிறிது காலம் உயிரோடு வைத்திருக்கும். வீட்டில் அது வசதி: நடந்துகொண்டிருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. வண்டியில் அதே வசதி காட்டிக்கொடுக்கும், ஒரே நேரத்தில் இரண்டு முகவரிக்கும் ஒரே ரேடியோ பதில் சொல்வதால். பழையதைக் கையோடு நீக்குங்கள். டிசிபி இணைப்புகள் அறுந்துபோகும். அதைத் தாங்கும்படி மேலடுக்கை எழுதுங்கள். டிஹெச்சிபி கோரிக்கையில் போர்டின் பெயர் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறைக்கு: ஏத்9கே டிரைவருள்ள ஆதெரோஸ் கார்டுகளில் லினக்ஸில் ஓசிபி முறை (எந்த வைஃபை வலையிலும் சேராமல் நேராகப் பேசும் முறை) உண்டு. பெரும்பாலான டிரைவரில் மேக்கை மாற்ற இடைமுகத்தை இறக்கி, மாற்றி, ஏற்றி, ஓசிபியில் மறுபடி சேர வேண்டும். அந்த இடைவெளியை மில்லிவினாடியில் அளந்து அறிக்கையில் போடுங்கள். உங்கள் புராஜெக்டின் மிகப் பயனுள்ள எண் அதுதான். 5.9 கிகாஹெர்ட்ஸில் அனுமதியில்லாமல் ஆண்டெனா மாட்டி ஒலிபரப்பாதீர்கள். சோதனை உரிமம் தருவது மத்திய அரசின் வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன் பிரிவு. உரிமம் இல்லாவிட்டால் இரண்டு போர்டையும் கோஆக்சியல் கேபிளில் இணைத்து, நடுவில் 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் இரண்டு போடுங்கள். 20 டிபிஎம் வெளியீடு மறுமுனையில் மைனஸ் 40 டிபிஎம் ஆக இறங்கும். நன்றாகக் கேட்கும், ரிசீவரும் கெடாது. பயன்படுத்தாத ஆண்டெனா முனைகளை 50 ஓம் முனையடைப்பால் மூடுங்கள். மூடாவிட்டால் போர்டுக்குப் போர்டு கசிந்து உங்கள் அளவுகள் பொய்யாகும்.

மூன்றாவது போர்டு ஒன்றை மானிட்டர் முறையில் (போகும் எல்லாச் சட்டகத்தையும் கேட்கும் முறை) வைத்து, வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பிடியுங்கள். மாற்றத்துக்கு முந்தைய 20 சட்டகத்தையும் பிந்தைய 20 சட்டகத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒவ்வொரு புலத்தையும் குறியுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் புராஜெக்ட்.

எல்லா எண்ணையும் ஒரே நேரத்தில் மாற்றினாலும், பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு எந்த வண்டி எதுவென்று தெரியாதா?
— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், தக்கலை

தெரியும். மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் நகரும். இரண்டு செய்திக்கு நடுவே 2.2 மீட்டர். முன்னால் போகும் வண்டிக்கும் இதற்கும் பல பத்து மீட்டர் இடைவெளி இருக்கும்போது, 2.2 மீட்டர் தள்ளி அதே வேகத்தில், அதே திசையில், அதே நீள அகலத்தோடு ஒரு ‘புதிய’ வண்டி முளைத்தால் அது யாரென்று சொல்லப் பெரிய கணக்கு வேண்டாம். தொடர்ச்சியாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எதிராக வெறும் புனைபெயர் (அதாவது தற்காலிக அடையாளம்) மாற்றம் போதாது என்பதை 2010-லேயே ஆய்வாளர்கள் சிமுலேஷனில் காட்டிவிட்டார்கள்.

ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நள்ளிரவில் தனியாகப் போகும் கார் முகவரி மாற்றுவது, ஆளில்லாத வயலில் நின்று சட்டை மாற்றுவதுபோல. காலை ஒன்பது மணிக்கு வடசேரியில் நாற்பது வண்டி ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பல வண்டிகள் ஒன்றாக மாற்றினால் அடையாளம் கலந்துபோகும். இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் ‘கலப்பு மண்டலம்’ என்ற உத்தி. மாற்றும்போது சில வினாடி மௌனமாக இருப்பதும் உண்டு. ஆனால் 3 வினாடி மௌனம் என்றால் அந்த வேகத்தில் 67 மீட்டர் தூரம் பக்கத்து வண்டிகளுக்கு நீங்கள் இல்லாதவர். விபத்தைத் தடுக்க வந்த கருவி சந்திப்பிலேயே வாய்மூடி இருக்கலாமா? இங்கே உயிர்ப் பாதுகாப்பும் தனியுரிமையும் நேருக்கு நேர் மோதுகின்றன. சந்திப்புகளில் மௌனம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அதற்காக மாற்றமே வீண் என்று நினைக்க வேண்டாம். சாலை முழுக்க ரிசீவர் வைத்தவரை அது தடுக்காது. களியக்காவிளையில் ஒன்று, பார்வதிபுரத்தில் ஒன்று என்று அங்கங்கே பெட்டி வைத்தவரைத் தடுக்கும். நடைமுறையில் நாம் அஞ்ச வேண்டியவர் இரண்டாமவர்தான். செலவு குறைவு என்பதால் அவர்தான் முதலில் வருவார். ஒன்று மட்டும்: செய்தியின் விருப்பப் பகுதியில் ‘வந்த பாதை’ என்று முந்தைய சில நூறு மீட்டரின் புள்ளிகள் போகும். முகவரி மாறும்போது அந்தப் பாதையை அழிக்காமல் விட்டால், புதிய பெயரே தன் பழைய தடத்தைச் சொல்லிவிடும்.

டாக்ஸி ஓட்டுகிறேன். ஏற்கெனவே ஜிபிஎஸ் பெட்டியும் ஃபாஸ்டாகும் இருக்கு. இதற்கு மேல் இந்த ரேடியோவால் எனக்கு என்ன கெட்டுப்போகும்?
— ஓட்டுநர், களியக்காவிளை

உங்கள் வண்டியில் இருப்பது ஏஐஎஸ்-140 என்ற இந்தியத் தரப்படி இருப்பிடம் காட்டும் கருவி. 2019 ஜனவரி முதல் புதிய பொதுப் பயணிகள் வாகனங்களுக்குக் கட்டாயம். இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கும் இ-ரிக்‌ஷாவுக்கும் விலக்கு. அதன் தகவல் சிம் வழியாக ஒரு சர்வருக்குப் போகிறது. யாரிடம் இருக்கிறது என்று கேட்க ஓர் இடம் உண்டு. ரேடியோவில் அப்படியில்லை; பக்கத்தில் நிற்கும் எவரும் கேட்கலாம். வேறுபாடு அதுதான்.

உங்களைப் போல நாள் முழுக்க ஓட்டுபவருக்கு இன்னொரு விஷயம் உண்டு. அமெரிக்கச் சான்றிதழ் முறையில் ஒரு வண்டிக்கு வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ். 5 நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றினால் 100 நிமிடத்தில் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து சுற்றத் தொடங்கும். வாரத்துக்கு ஒருமணி நேரம் கார் எடுப்பவருக்கு அது தாராளம். 8 மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளில் 96 மாற்றம். ஒவ்வொரு சான்றிதழும் நான்கைந்து முறை வரும். ஒரே சந்திப்பில் கேட்டுக்கொண்டிருப்பவர் வாரக் கடைசிக்குள் உங்கள் இருபதையும் தெரிந்துகொள்வார். ஐரோப்பிய விதி ஒரே நேரத்தில் 100 வரை அனுமதிக்கிறது. வாடகை வண்டிக்குத் தனிவண்டியைவிட அதிகச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இந்தியா விதி எழுதும்போது ஓட்டுநர் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஃபாஸ்டாகில் இன்றே செய்ய வேண்டிய ஒன்று: டேக் எந்தக் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டி வாங்கி, பழைய உரிமையாளரின் டேகையே ஓட்டிக்கொண்டிருந்தால், நாங்குநேரி சுங்கச்சாவடியை நீங்கள் தாண்டிய நேரம் குறுஞ்செய்தியாக அவருக்குத்தான் போகும். பழையதை மூடச் சொல்லி, உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். டேகைப் பிய்த்துக் கையில் வைத்துக் காட்டுவது தீர்வல்ல; அப்படிக் காட்டும் டேகைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவார்கள்.

என் காரின் டயரில் காற்றழுத்தம் காட்டும் சென்சார் இருக்கிறது. அதுவும் ரேடியோதானே?
— படகு உரிமையாளர், குளச்சல்

ஆம். இந்தப் பக்கத்தில் பேசும் ஆபத்துகளில் இன்றைக்கே உங்கள் வண்டியில் இருப்பது இதுதான்.

ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சென்சார், வண்டி ஓடும்போது சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை 433 மெகாஹெர்ட்ஸில் (அமெரிக்காவில் 315) அழுத்தம், வெப்பம், தன் அடையாள எண் மூன்றையும் அனுப்பும். எண் பெரும்பாலும் 32 பிட். சென்சார் சாகும்வரை மாறாது. 2010-ல் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த சென்சார்களில் மறைகுறியாக்கமும் இல்லை, உண்மைத்தன்மைச் சரிபார்ப்பும் இல்லை. சாதாரண ஆண்டெனாவில் 10 மீட்டரும், சிறு பெருக்கி சேர்த்தால் 40 மீட்டரும் கேட்டது. போலிச் செய்தி அனுப்பி எச்சரிக்கை விளக்கையும் எரிய வைத்தார்கள்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். 40 மீட்டர் எட்டும் ரிசீவரை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 5 வினாடிதான் ஆகும். நான்கு சென்சாரும் நிமிடத்துக்கு ஒருமுறை பேசினால், ஏதாவது ஒன்று சிக்குவதற்கான வாய்ப்பு பத்தில் மூன்று. ஒருநாள் போகிறவர் தப்பிக்கலாம். அதே வழியில் தினமும் போகிறவர் ஒரு வாரத்தில் சிக்குவார். கம்பெனியில் வந்த சென்சாரை நிறுத்த வழியில்லை, நிறுத்தவும் கூடாது. டயர் வெடிப்பைவிட இது சிறிய ஆபத்து. வெளியே வாங்கி வால்வு மூடிக்குப் பதில் திருகும் வகையானால், வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

கடலோரத்தில் இருப்பதால் ஒரு வார்த்தை: உலோக வால்வுள்ள சென்சாரில் பித்தளைக் கோர் (வால்வுக்குள் திருகும் ஊசி) போட விடாதீர்கள். உப்புக்காற்றில் அலுமினியமும் பித்தளையும் அரித்து ஒட்டிக்கொள்ளும். காற்று அடிக்கப் போகும்போது தண்டே முறியும். நிக்கல் பூசிய கோர் என்று கேட்டு வாங்குங்கள்.

புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று போலீசோ அரசோ கேட்டால் கண்டுபிடிக்க முடியுமா? முடியுமென்றால் சட்டப் பாதுகாப்பு என்ன?
— வழக்கறிஞர், பத்மநாபபுரம்

தனி ஒருவரால் முடியாதபடி வடிவமைக்க முடியும். அமெரிக்க முறையில் வண்டியை அறிந்த பதிவு அமைப்புக்கு, அது எந்தச் சான்றிதழைப் பெற்றது என்று தெரியாது. சான்றிதழ் தரும் அமைப்புக்கு, யாருக்குத் தருகிறோம் என்று தெரியாது. சான்றிதழ்களை ஒன்றோடொன்று இணைக்கும் மதிப்பை இரண்டு தனி அமைப்புகள் பாதி பாதியாக வைத்திருக்கும். பொய்ச் செய்தி அனுப்பும் வண்டியை விலக்க வேண்டுமானால் எல்லாரும் சேர்ந்தால்தான் முடியும். விலக்கும்போது வெளியாகும் விதை எண்ணைக் (அந்த இணைப்பு மதிப்பைக் கணக்கிட உதவும் மூல எண்ணை) கொண்டு அந்த வண்டியின் இனிவரும் சான்றிதழ்களைக் கண்டுகொள்ளலாம். பழைய வாரங்களுக்குப் பின்னோக்கிப் போக முடியாது. நல்ல வடிவமைப்பு. ஆனால் இந்த நான்கு அமைப்பையும் ஒரே துறையோ ஒரே ஒப்பந்ததாரரோ நடத்தினால் பிரிவு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். நாங்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

சட்டப்பக்கம்: இந்தச் செய்திகள் தனிநபர் தரவே என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் ‘29-ஆம் பிரிவு’ பணிக்குழு 2017 அக்டோபரில் கருத்துச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரும் இடம் அதில் இருக்கிறது என்பதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019-ல் வாகனப் பதிவுத் தரவை மொத்தமாக விற்கும் கொள்கையைக் கொண்டுவந்து, தனியுரிமைக் கவலைகளால் 2020-ல் கைவிட்டது. சேர்ந்த தரவுக்கு விலை வந்துவிடும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

எங்கள் கடை வாகன நிறுத்தத்தில் புளூடூத், வைஃபை கேட்டு எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணும் கருவி வைக்கச் சொல்கிறார்கள். ‘முகவரியை ஹாஷ் செய்துவிடுகிறோம், பயமில்லை’ என்கிறார்கள். சரியா?
— துணிக்கடை மேலாளர், செட்டிகுளம், நாகர்கோவில்

சரியல்ல. ஹாஷ் என்பது முகவரியைக் கணக்குப் போட்டு வேறொரு குறியீடாக மாற்றுவது. மேக்கின் முன்பாதி தயாரிப்பாளர் எண். அது பொதுப் பட்டியலில் கிடைக்கும். பின்பாதி 24 பிட், அதாவது 1,67,77,216 வாய்ப்புதான். ஒரு தயாரிப்பாளரின் எல்லா முகவரிக்கும் ஹாஷ் போட்டுப் பார்க்கச் சாதாரண மடிக்கணினிக்குச் சில வினாடி போதும். ஹாஷை முகமூடி என்று சொல்லலாம்; அழிப்பு என்று சொல்ல முடியாது.

வைக்கத்தான் வேண்டுமென்றால், தினமும் ‘உப்பு’ எனப்படும் புதிய ரகசியத் தற்செயல் எண்ணை முகவரியோடு சேர்த்து ஹாஷ் செய்து, இரவில் உப்பையும் ஹாஷையும் அழித்து, மொத்த எண்ணிக்கையை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். அதுவும் துல்லியமாக வராது. ஆண்டிராய்டு 10-க்கும் ஐஓஎஸ் 14-க்கும் பிறகு வந்த போன்கள் மாறும் முகவரியைக் காட்டுகின்றன. ஒரே ஆளை மூன்றாக எண்ணுவீர்கள். தரையில் ஒரு இண்டக்‌ஷன் லூப் கம்பி பதியுங்கள். வண்டியை எண்ணும்; யாருடையது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

வைஃபை வகை வேண்டாம், செல்போன் வகை சி-வி2எக்ஸ் வந்தால் இந்தப் பிரச்சினை இருக்காது என்கிறார்களே?
— மெக்கானிக், திங்கள்சந்தை

இருக்கும். வண்டிக்கு வண்டி நேராகப் பேசும் பிசி5 முறையிலும் 24 பிட்டில் ஓர் அனுப்புநர் எண் உண்டு. மேலே போகும் செய்தியும் அதேதான், கையொப்பமும் அதேதான். அமெரிக்கா 1999-ல் ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸில் 45-ஐ 2020-ல் திரும்ப எடுத்து, மீதி 30-ஐ இந்த வகைக்குத் தந்தது. ரேடியோ மாறினாலும் எல்லா அடுக்கும் ஒன்றாக மாற வேண்டும் என்ற விதி மாறவில்லை.

பிரிந்து வாழ்கிறேன். நான் போகும் இடமெல்லாம் அவருக்குத் தெரிகிறது. காரில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம். எப்படித் தேடுவது?
— வாசகி, கருங்கல்

முதலில் போன்களையும் கணக்குகளையும் பாருங்கள். பெரும்பாலும் வழி அங்கேதான் இருக்கும். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு, கார் கம்பெனியின் செயலியில் அவர் பெயர் இன்னும் இருக்கிறதா, ஃபாஸ்டாக் எந்த எண்ணில் இருக்கிறது.

பிறகு காரை. ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் சோதனைக் கருவி செருகும் ஓபிடி சாக்கெட்டில் ஏதாவது செருகியிருக்கிறதா? சீட்டுக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி குழியில், பம்பரின் உட்பக்கம், சக்கர வளைவின் மேல் காந்தத்தில் ஒட்டிய பெட்டி. ஃபியூஸ் பெட்டியில் புதிதாக டேப் சுற்றிய வயர். பகலில், நம்பிக்கையான மெக்கானிக்கோடு, வண்டியைத் தூக்கிப் பாருங்கள்.

சிறு புளூடூத் டேக் என்றால், ஸ்கேனர் செயலியில் முகவரியைப் பார்த்துப் பிடிக்க நினைக்காதீர்கள். அவற்றின் முகவரியும் மாறிக்கொண்டே இருக்கும்: உரிமையாளர் அருகில் இருந்தால் சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, பிரிந்திருந்தால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. நம்மைக் காக்க வந்த உத்தி இங்கே பின்தொடர்பவருக்கு மறைவிடமாகிறது. அதற்காகவே ஆப்பிளும் கூகுளும் 2024-ல் பொது எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தன. ஆண்டிராய்டில் செட்டிங்ஸுக்குள் பாதுகாப்புப் பகுதியில் ‘தெரியாத டிராக்கர் எச்சரிக்கை’ இருக்கும். அதை இயக்கி, கையாலும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள்.

கிடைத்தால் உடனே பிய்க்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே தேதியோடு படம் எடுங்கள். அதை எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்; அதற்கு முன் பாதுகாப்பான இடத்தில் இருங்கள். பெண்கள் உதவி எண் 181. பின்தொடர்தல் பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவில் குற்றம். புகாரில் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நீங்கள் வீணாகப் பயப்படவில்லை.

பழைய கார் விற்கப்போகிறேன். இதெல்லாம் படித்த பிறகு என்னென்ன அழிக்க வேண்டும்?
— வாசகர், குலசேகரம்

மியூசிக் சிஸ்டத்தில் உங்கள் போனை நீக்கினால் மட்டும் போதாது. தொடர்பு எண்களும், வழிகாட்டியில் ‘வீடு’ என்று சேமித்த இடமும் தங்கும். ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். கார் கம்பெனிச் செயலியிலிருந்து வண்டியை நீக்குங்கள். இதை விட்டுவிட்டால் வாங்கியவர் எங்கே நிறுத்தியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அவருக்கு அது அநியாயம். படிவம் 29, 30 கையெழுத்தாகும் அன்றே ஃபாஸ்டாகை மூடுங்கள்.

டாஷ்கேமை மறந்துவிடுவார்கள். பலவற்றில் வைஃபை எப்போதும் இயங்கும். வினாடிக்குப் பத்து முறை தன் பெயரையும் மாறாத முகவரியையும் சொல்லிக்கொண்டே போகும். நாளை வரப்போகும் தரத்தில் மாறும் முகவரிக்காக இவ்வளவு பாடுபடும்போது, இன்று கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமரா அதை அப்படியே கொட்டுகிறது. மெனுவில் ‘வைஃபை தானாக இயங்கு’ என்பதை அணைத்து, படம் எடுக்க வேண்டியபோது மட்டும் இயக்குங்கள். புதிய வண்டியில் ஹாட்ஸ்பாட் இருந்தால், அதன் பெயரில் உங்கள் பெயரோ வண்டி எண்ணோ வேண்டாம். பெயரின் கடைசியில் அடிக்கோடு போட்டு ‘நோமேப்’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் (_nomap) சேர்த்தால், கூகுளும் ஆப்பிளும் தங்கள் இருப்பிடப் பட்டியலில் அதை ஏற்றிக்கொள்ளாது.